எழும்பூர் மணலும் நம் வீட்டு டேப்லெட்டும்

நம் குடியிருப்பில் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் டேப்லெட்டோ ஆன்லைன் வகுப்போ இல்லாத வீடு அரிது. கருவி புதிதாக வந்தால் படிப்பும் கூடவே வந்துவிடுமா என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே சென்னையில் வாழ்ந்த ஆண்ட்ரூ பெல்லின் கதையைக் கேளுங்கள்.

1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தவர் இவர். 1787-ல் இந்தியாவுக்கு வந்த இந்தப் பாதிரியார், 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பைச் சம்பளம் வாங்காமல் ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்களுக்குக் கற்பிப்பதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

ஒருநாள் நம்மூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்து போனபோது, பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அது நடக்காது என்றார் ஆசிரியர். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பைக் கொடுத்தார். ஆசிரியர் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். பிறகு பள்ளி முழுவதும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை வந்தது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

1796-ல் ஊர் திரும்பி, மறு ஆண்டே இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. 1832-ல் இறந்த பெல், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

ஆனால் அந்த முறை நிலைக்கவில்லை. செலவு குறைவு என்பதற்காக நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்கள். கற்பித்தல் வெறும் ஒப்பித்தலானது. சில பத்தாண்டுகளில் கைவிட்டார்கள். மணலும் முறையும் அதேதான். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் புரியவைத்த அக்கறைதான் காணாமல் போனது.

டேப்லெட்டும் நம் காலத்து மணல்தான். இன்று மாலை உங்கள் பிள்ளையிடம், வகுப்பில் படித்ததைக் கீழ்வீட்டுத் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். என்ன புரிந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.