மூன்று அரசுகளின் முன் ஒரு மனைவி

ஒரு நாட்டின் நீதிமன்றத்திலே குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு அந்நாட்டுச் சட்டம் ஒன்றே பகை. அச்சட்டத்தின் வழியறிந்தோர் துணைநிற்பின் அவன் மீளுதலுங் கூடும். ஆனால், ஒருவனைத் தன் நாடு துரோகியென்று தேட, அந்நாட்டின் பகைவரோ அவனையே கலகக்காரன் என்று பிடித்துச் சிறையில் இடுவாராயின், அவன் எவ்விடத்தில் நீதி கேட்பான்? அவனுக்காக வழக்குரைக்கப் புறப்படும் மனைவி எந்த வாயிலிற் போய் நிற்பாள்? இவ்விடுக்கண் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அத்ரியேன் என்னும் பிரெஞ்சுச் சீமாட்டிக்கு நேர்ந்தது. அவர் கணவர் லபாயெத் பிரபுவின் பெயரை நம் மாணவர் அமெரிக்க சுதந்திரப் போர் வரலாற்றிலும் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றிலும் படித்திருப்பர். அம்மையாருக்கு அந்நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியே ஒதுக்குகின்றன. அவ்வொரு வரி விரித்துரைத்தற்குரியது.

அத்ரியேன் 1759ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆந் தேதி பாரிசு நகரிலே, நொவாய் என்னும் பெருங்குடியிற் பிறந்தார். 1774இல் மணம் நிகழ்ந்தபொழுது மணமகளுக்கு வயது பதினான்கு, மணமகனுக்குப் பதினாறு. மூன்றாண்டு கழியுமுன்னரே, கருவுற்றிருந்த மனைவியை விட்டு, மாமனார் வீட்டாரின் விருப்பத்தையும் மீறி, லபாயெத் அமெரிக்கர் பக்கம் நின்று போர்புரியக் கப்பலேறினார். அங்கே வாசிங்டனின் அன்புக்குரியவரானார். தம் ஒரே ஆண்மகவுக்கு ஜோர்ஜ் வாசிங்டன் என்றே பெயரிட்டார். 1784இல் மேரிலாந்து அரசு அவரையும் அவர் ஆண்வழியினரையுந் தன் குடிகளாக ஏற்றது. இச்சிறு செய்தியை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்; பின்னர் இதனைப் பற்றியே ஒரு பெரும் வாதம் எழும்.

1792ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10ஆந் தேதி பாரிசிலே முடியாட்சி வீழ்ந்தது. அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னரே வேண்டும் என்னும் கொள்கையினரான லபாயெத் அப்பொழுது வடவெல்லையிலே ஒரு சேனைக்குத் தலைவராயிருந்தார். புதிய ஆட்சியை எதிர்த்து நிற்க முயன்றார். சேனை அவரைப் பின்பற்றவில்லை. அம்மாதம் 19ஆந் தேதி பாரிசுச் சட்டசபை அவரைத் துரோகியென்று குற்றஞ் சாட்டியது. அன்றே அவர் சில தோழருடன் எல்லை கடந்தார். நடுநிலை நாடொன்றை அடைந்து, அங்கிருந்து அமெரிக்கா செல்வதே கருத்து. ஒஸ்திரியரின் காவற்படை இடைமறித்துப் பிடித்தது. தாம் போர்புரியும் சேனையை விட்டு நீங்கியவர், அமெரிக்கக் குடியுமாவர் என்று அவர் முறையிட்டார். அரசர்களோ, புரட்சியைத் தொடக்கி வைத்தவர் அகப்பட்டார் என்றே மகிழ்ந்தனர். ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கத் தூதர்கள் தமக்குள் ஆராய்ந்து, இவரைத் தம் நாட்டுக் குடியெனச் சட்டப்படி கோர இயலாதென்று முடிவு கொண்டனர்.

இவ்வாறு பிரான்சிலே அரசனுக்காக நின்ற துரோகி. எல்லைக்கு அப்பால் அரசனை வீழ்த்திய கலகக்காரன். ஒரே மனிதர், ஒரே செயல், ஒன்றற்கொன்று மாறான இரண்டு குற்றங்கள்! பிரஷ்யர் அவரைப் பொறுப்பேற்று, வேசல், மக்டபேர்க், நைஸ் என்னுங் கோட்டைகளில் மாற்றி மாற்றி அடைத்தனர். 1794இல் ஒஸ்திரியரிடமே திருப்பி ஒப்புவித்தனர். மொறேவியா நாட்டிலுள்ள ஒல்முட்ஸ் கோட்டை (இன்று செக் குடியரசில் உள்ளது) அவருக்கு மறியற்சாலையாயிற்று. விசாரணை இல்லை, குற்றப்பத்திரம் இல்லை, தண்டனைக்காலமும் இல்லை. பாண்டியன் அவைக்குச் சென்ற கண்ணகிக்கு வழக்குரைக்க ஓர் அவை இருந்தது. காட்டுதற்குக் கையிலே சிலம்பும் இருந்தது. சாட்டப்படாத குற்றத்துக்கு எந்தச் சிலம்பைக் காட்டுவது?

அத்ரியேன் அம்மையார் அப்பொழுது ஒவேர்ஞ் மலைநாட்டிலே, சவானியாக் என்னுங் கணவர் ஊரில் இருந்தார். 1792 செப்டெம்பரிலே போர்வீரர் வந்து அவரைக் கைது செய்தனர். மாவட்ட அதிகாரிகள் முன் கொண்டு சென்றபொழுது, கணவர் தமக்கெழுதிய கடிதங்களை வெளிப்படையாக வாசிக்கும்படி அம்மையாரே வேண்டினார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதனை இதனினுந் தெளிவாகக் காட்டும் வழி வேறில்லை. அவ்வதிகாரிகள் மனமிரங்கினர். ஊரை விட்டு நீங்குவதில்லை என்னும் வாக்குறுதியின்பேரில் வீட்டிலேயே இருக்க இசைவு கிடைத்தது. ஆயினும் கணவரிடஞ் செல்லவேண்டும் என்று துடித்தவருக்கு அவ்வாக்குறுதியே தளையாயிற்று. அதனைத் தளர்த்தும்படி அமைச்சருக்கு மீண்டும் மனுவெழுதலானார். அதுகாறும் உறவினரையும் ஊழியரையும் அன்றி மற்றெவரையும் வேண்டியறியாத பெருங்குடிப் பெண்மணி, அவ்வாண்டிலிருந்து எட்டாண்டுகள் விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டார் எனலாம்.

அவ்விண்ணப்பங்களில் ஒன்று நோக்கத்தக்கது. நாடு நீங்கியோரின் ஆதனங்களைக் குடியரசு பறிமுதல் செய்தது. அவர்தம் மனைவியரும் ஐயத்துக்கு உள்ளாயினர். 1792 செப்டெம்பரில் மணமுறிவைச் சட்டம் அனுமதித்தமையால், பலர் கணவரோடு மணமுறிவு பெற்றனர். உயிரையும் ஆதனத்தையும் காத்தற்காக மனமின்றியே அங்ஙனஞ் செய்தோரும் உளர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அத்ரியேன் அம்மையாரோ ஒவ்வொரு மனுவின் அடியிலும் தாம் லபாயெத்தின் மனைவி என்றே ஒப்பமிட்டார். எப்பெயரைச் சொன்னால் தலை போகுமோ அப்பெயரை அதிகாரிகளின் மேசைக்கு அவரே அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிரஷ்ய மன்னருக்கும் எழுதினார். அமெரிக்காவின் சனாதிபதியாயிருந்த வாசிங்டனுக்கும் எழுதி, அந்நாட்டின் பெயரால் ஒரு தூதரை அனுப்பித் தம் கணவரைக் கேட்டுப் பெறும்படி வேண்டினார். வாசிங்டன் நண்பர்தாம், எனினும் நடுநிலை வகித்த நாட்டின் தலைவர். ஆதலின் தம் சொந்தப் பணத்தில் 200 கினி பெறுமதியானதை அம்சுரடாம் நகரத்து வணிகர் ஒருவரிடம் அம்மையாருக்கென இட்டு வைத்தார். பிரான்சிலிருந்த அமெரிக்கத் தூதர் மொறிஸ், கடன்களைத் தீர்த்தற்குத் தம் கைப்பொருளிலிருந்து பெருந்தொகை கடன் கொடுத்தார். அரசாக நின்று செய்ய இயலாததை மனிதராக நின்று செய்தனர்.

1793 நவம்பரிலே அம்மையார் மீண்டுஞ் சிறைப்பட்டார். அடுத்த ஆண்டு பாரிசுக்குக் கொணரப்பட்டு, பிளெசி என்னும் மறியற்சாலையில் வைக்கப்பட்டார். அது முன்னர் ஒரு கல்லூரி. லபாயெத் சிறுவனாய்ப் பயின்ற கல்லூரி. அங்கிருந்து நாடோறும் வண்டிகள் நீதிமன்றத்துக்கும், அப்பாற் கொலைக்களத்துக்குஞ் சென்றன. 1794 யூலை மாதம் 22ஆந் தேதி அவருடைய பாட்டியார், தாயார், மூத்த சகோதரி ஆகிய மூவரும் ஒரே நாளிற் கில்லட்டினுக்கு இரையாயினர். ஐந்து நாளில் உறொபெசுபியர் வீழ்ந்தார். அவ்வைந்து நாளை எண்ணுந்தோறும் நெஞ்சு பதைக்கின்றது. கொலை நின்றது, கைதிகள் பலர் விடுதலையாயினர். லபாயெத்தின் மனைவி மட்டும் உள்ளேயே இருந்தார். புதிய அமெரிக்கத் தூதர் மன்றோவின் மனைவியார், யாவருங் காணத் தூதரின் வண்டியிலே மறியற்சாலைக்கு வந்து அவரைக் கண்டு சென்றார். 1795 சனவரி 22ஆந் தேதி விடுதலை கிடைத்தது.

விடுதலை பெற்றவர் முதலிற் செய்தது என்ன? பதினைந்து வயது மகனை அவன் ஆசிரியரோடு வாசிங்டனிடம் அனுப்பினார். பின்னர் அனஸ்தாசி, விர்சினி என்னும் பெண்மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஒஸ்திரியா செல்லத் துணிந்தார். பிரெஞ்சுக் குடியாக ஒஸ்திரியாவுக்குட் செல்லுதல் இயலாது. இரண்டு நாடுகளும் போரில் இருந்தன. அமெரிக்கத் தூதரகம் கொடுத்த கடவுச்சீட்டிலே, அம்மையார் கொனற்றிக்கட் மாநிலத்து ஹாட்போட் ஊரைச் சேர்ந்த மொத்தியே சீமாட்டி என்றிருந்தது. இது முழுப்பொய்யன்று, மொத்தியே என்பது லபாயெத்தின் குடிப்பெயர். கணவரைக் காத்தற்கு உதவாத அமெரிக்கக் குடியுரிமை மனைவிக்கு வழிகாட்டியதே வியப்பு. 1795 செப்டெம்பரில் டன்கேர்க்கில் அமெரிக்கக் கப்பலேறி, ஹாம்பேர்க்கின் அருகேயுள்ள அல்டோனாவிற் கரையேறி, தரைவழியே வியன்னாவை அடைந்தார்.

அங்கே பழைய உறவுகள் துணைசெய்தன. அமைச்சரைச் சாராமல், அரசவை முதுவர் ஒருவர் வாயிலாகச் சக்கரவர்த்தி இரண்டாம் பிரான்சிசை நேரே கண்டார். பாரிசுக் குடியரசிடம் சட்டத்தையும் உரிமையையும் எடுத்துக்காட்டிய அம்மையார், இங்கே அவ்வாறு பேசவில்லை. கணவரின் கொள்கையை அவையில் வாதிடின் கதவு அடைபட்டுவிடும் என்பதை அறிந்திருந்தார். கணவரின் சிறையிற் பங்குகொள்ள விடை தருக என்ற ஒன்றையே கேட்டார். விடுதலை தம் கையில் இல்லையென்று கூறிய சக்கரவர்த்தி, இவ்வேண்டுகோளுக்கு இசைந்தார். அம்மையார் அடைந்த உவகையை அவர் மக்கள் பிற்காலத்தும் நினைவுகூர்ந்தனர்.

1795 ஒக்டோபரில் மூவரும் ஒல்முட்ஸ் கோட்டையுட் புகுந்தனர். லபாயெத்துக்கு அவர்கள் வருவது அறிவிக்கப்படவில்லை. முந்திய ஆண்டு நவம்பரில் நண்பர் இருவர் துணைகொண்டு தப்ப முயன்று அகப்பட்டபின், அவருடைய காவல் மிகக் கடுமையாயிருந்தது. குடும்பத்தாருள் எவர் உயிரோடிருந்தனர் என்பதையும் அவர் அறியார். கதவு திறந்தது, மனைவியும் மக்களும் நின்றனர். தாயும் பாட்டியும் சகோதரியும் மடிந்த செய்தியை அம்மையார் அன்றிரவே, மக்கள் வேறறைக்குச் சென்றபின், கணவருக்குச் சொல்ல வேண்டியவரானார். கொணர்ந்த பணம் பறிக்கப்பட்டது. வெள்ளி முட்கரண்டிகள் மூன்றும் பறிக்கப்பட்டன. பெருங்குடிப் பெண்டிர் கையாலே உண்டனர். (நமக்கு அது குறையன்று, அவர்க்கு அது தண்டனை.)

பதினெட்டும் பதின்மூன்றும் வயதான பெண்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்றது தக்கதோ என்று பெற்றோர் எவரும் ஒருகணம் நின்று சிந்திப்பர். அம்மையார் அவர்களை உறவினரிடம் விட்டுச் சென்றிருக்கலாம். அவர்களோ தந்தையைக் காண உடன்வந்தனர், தாயார் தடுத்திலர். இதன் விளைவொன்று எதிர்பாராத பயன் தந்தது. லபாயெத் ஒருவர் சிறையிலிருந்தவரை அது அரசியற் செய்தி. குற்றமற்ற பெண்டிர் மூவரும் உடனிருக்கின்றனர் என்பது பரவியபோது, ஐரோப்பாவெங்கும் ஒல்முட்ஸ் கைதிகள் என்ற பேச்செழுந்தது. 1796 டிசெம்பரில் ஆங்கிலப் பாராளுமன்றத்திலே பிற்சுபற்றிக் என்பவர் இதுபற்றித் தீர்மானங் கொணர்ந்தார். பொக்ஸ் ஆதரித்துப் பேசினார். தீர்மானந் தோற்றது, பேச்சு நின்றது. வாசிங்டனும் 1796 மே மாதத்தில் சக்கரவர்த்திக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் விடுத்தார்.

இதற்குள் அம்மையாரின் உடல்நிலை கெட்டது. காய்ச்சல் நீங்கவில்லை, கைகால்கள் வீங்கின, தோலிலே புண்கள் பரவின. வைத்தியரைக் காண வியன்னா செல்ல இசைவு கேட்டார். செல்லலாம், சென்றபின் ஒல்முட்ஸுக்கு மீளலாகாது என்பதே வந்த விடை. அம்மையார் நன்றி கூறி, போகாதிருக்கத் துணிந்தார். அவ்வாறு இருந்த காலத்தில், தம் தாயாரின் வரலாற்றைப் பல்குத்தும் ஈர்க்கும் சிறிது சீன மையுங் கொண்டு, பூபோன் என்பார் இயற்றிய இயற்கை நூலின் ஓரங்களில் எழுதினார். தாள் அவர்க்குக் கொடுக்கப்படவில்லை.

1797இல் இத்தாலியிலே ஒஸ்திரியரை வென்ற நெப்போலியன் பொனபாட், பாரிசு அரசின் கட்டளைப்படி, சமாதானப் பேச்சில் இக்கைதிகளின் விடுதலையையுங் கேட்டார். ஒஸ்திரியத் தூதர் ஒருவர் கோட்டைக்கு வந்து, இனி ஒஸ்திரிய மண்ணில் அடிவைப்பதில்லை என்று எழுதித் தரும்படி லபாயெத்தைக் கேட்டார். தம் நாட்டுக்குத் தாம் செய்யவேண்டிய கடமைக்குக் குறை நேராதவாறு மட்டுமே எழுதித் தருவேன் என்று அவர் சொற்களை அளந்தார். மெலிந்து கிடக்கும் மனைவியை அருகில் வைத்துக்கொண்டு இங்ஙனம் அளத்தல் வேண்டுமா என்று நமக்குத் தோன்றலாம். அம்மையாருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. செப்டெம்பர் 19ஆந் தேதி கதவுகள் திறந்தன. லபாயெத்துக்கு ஐந்தாண்டு முடிந்திருந்தது. மனைவி மக்களுக்கு இரண்டாண்டு நிறையச் சில வாரங்களே இருந்தன.

ஒஸ்திரிய வழக்கு இவ்வாறு தீர்ந்தது. பிரெஞ்சு வழக்கு தீரவில்லை. விடுதலை கேட்டுப் பெற்ற பாரிசு அரசே அவரை நாட்டுக்குள் விட மறுத்தது. நாடு நீங்கியோர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அம்மையாரின் பெயரோ அப்பட்டியலில் இல்லை. அவர் தக்க கடவுச்சீட்டுடன் சென்றவர். ஆகவே, நடக்கவும் அரிதான உடலோடு அவரே பாரிசுக்குந் திரும்பி அலுவலகங்களின் படியேறினார். கணவர் ஹோல்ஸ்டைனிலும் பின்னர் ஒல்லாந்திலும் காத்திருந்தார்.

1799 நவம்பரில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். அம்மையார், இதுவே தருணம், அனுமதி கேட்டுக்கொண்டிராமல் உடனே வருக என்று கணவருக்குச் செய்தி விடுத்து, வேற்றுப்பெயரிற் கடவுச்சீட்டும் அனுப்பினார். லபாயெத் வந்துவிட்டார் என்றறிந்த நெப்போலியன் வெகுண்டார். அச்சினத்தை எதிர்கொள்ளச் சென்றவர் அம்மையாரே. மூன்றாவது ஆட்சியாளர் முன் மூன்றாவது வகையிற் பேசினார்: சட்டமுமன்று, இரக்கமுமன்று; லபாயெத் திரும்பியிருப்பது புதிய ஆட்சிக்கு நன்மையே என்று எடுத்துரைத்தார். நெப்போலியன் தணிந்தார், அரசியலில் தலையிடாது ஒதுங்கியிருக்கும்படி கூறி விட்டார். 1800 மார்ச் மாதத்தில் லபாயெத்தின் பெயர் பட்டியலினின்றும் நீங்கியது. தாய்வழி வந்த லாகிறாஞ் என்னும் ஆதனத்தையும் அம்மையார் மீட்டார். பெரும்பொருளெல்லாம் இழந்த குடும்பம் அங்கே குடியேறியது.

ஒல்முட்ஸ் தந்த நோய் முற்றாக நீங்கவேயில்லை. 1807 டிசெம்பர் 24ஆந் தேதி, நாற்பத்தெட்டாம் வயதில், பாரிசிலே அம்மையார் காலமானார். இறுதி நாள்களிற் சித்தம் மயங்கியபோதும் கணவர் அருகிருந்தார். தாயும் பாட்டியும் சகோதரியும் உட்பட 1306 பேரின் உடல்கள் புதைக்கப்பட்ட பெருங்குழி பிக்பூசு என்னுமிடத்தில் உள்ளது. தங்கை பொலீனும் அம்மையாரும் வேறு சில குடும்பத்தாரோடு பொருள் சேர்த்து, அக்குழியை அடுத்த நிலத்தை வாங்கிக் காத்திருந்தனர். அங்கேயே அவரை அடக்கஞ் செய்தனர். லபாயெத் இருபத்தாறு ஆண்டுகள் தனித்து வாழ்ந்து, 1834 மே மாதத்தில் இறந்து, அவர் அருகிலே வைக்கப்பட்டார். அவர்மீது இட்ட மண் அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்டது.