ஏழு தடவை விழுந்தவர்

குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் பெயரை நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் அலபாமா பருத்திக்காட்டில் 1914-ல் பிறந்த கறுப்பினப் பிள்ளை. விளைச்சலில் பங்கை நிலக்காரனுக்கு அளந்துவிட்டு மிச்சத்தில் வயிறு கழுவிய குடும்பம். நமக்குப் புதுக் கதையா என்ன?

1926-ல் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குப் பிழைக்கப் போனது. வயலின் படிக்க அம்மா கொடுத்த காசைப் பையன் குத்துச்சண்டைக் கூடத்தில் கட்டினான்! 1932-ல் முதல் போட்டி. ஜானி மைலர் என்பவரிடம் ஏழு தடவை விழுந்தார். போதுமடா சாமி என்று ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர், சில மாதம் கழித்தே திரும்பி வந்தார்.

பெரிய அடி பிறகுதான். தொழில்முறையில் தோல்வியே காணாதவரை 1936 ஜூன் 19-ல் ஜெர்மானியர் ஷ்மெலிங் 12-ஆவது சுற்றில் சாய்த்தார். ஜோவின் பழைய சண்டைப் படங்களைப் பார்த்து அவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்: இடது கையால் குத்தியதும் ஜோ அந்தக் கையைத் தாழ்த்திவிடுவார், தாடை திறந்து கிடக்கும்.

முகமெல்லாம் வீக்கம். ஆனாலும் ஜோ சாக்குச் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. பயிற்சியாளர் பிளாக்பர்ன் அந்தக் கையைத்தான் திருத்தினார். (சங்கத்தில் நாம் தோற்ற வழக்கின் கோப்பை மறுபடி புரட்டுகிறோமா? அலமாரியில் அல்லவா பூட்டுகிறோம்!) இரண்டே மாதத்தில் மேடையேறினார், 1937-ல் உலகச் சாம்பியன் ஆனார். 1938 ஜூன் 22-ல் மறுபடி ஷ்மெலிங். 124 விநாடியில் சண்டை முடிந்தது.

பிற்காலத்தில் இருவரும் நண்பர்கள். 1981-ல் ஜோ இறந்தபோது அடக்கச் செலவில் ஷ்மெலிங்கும் பங்கு கொடுத்தார்.