ஆன்டிபயாடிக்கை அரைகுறையாகப் போட்டால் என்ன ஆகும்? 1945-லேயே எச்சரித்த ஃபிளெமிங்

தொண்டை வலிக்குதா? மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஏராளம். இதன் விளைவைப் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே அன்று சொல்லிவிட்டார்.

யார் இந்த ஃபிளெமிங்?

1881-ல் ஸ்காட்லாந்தின் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். லண்டனில் கப்பல் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் கிளார்க் வேலை பார்த்துவிட்டு, செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் டாக்டருக்குப் படித்தார். முதல் உலகப் போரில் பிரான்ஸில் பணியாற்றியபோது, காயத்தில் சீழ் பிடித்து வீரர்கள் இறப்பதை நேரில் பார்த்தார். காயத்தில் ஊற்றிய கிருமிநாசினிகள் ஆழத்தில் இருந்த கிருமிகளை எட்டவில்லை. உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களைத்தான் அழித்தன.

1928 செப்டம்பரில் லீவு முடிந்து லேபுக்குத் திரும்பினார். கிருமி வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் கிருமிகள் இல்லை. பூஞ்சை சுரந்த அந்தப் பொருள்தான் பெனிசிலின். அதை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஃப்ளோரி, செயின் குழு. மூவருக்கும் 1945-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நோபல் மேடையில் ஒரு கதை

ஏற்புரையில் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர், தானாகவே பெனிசிலின் வாங்கிக் குறைவான அளவில் போட்டுக்கொள்கிறார். சாகாத கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடுகின்றன. அவை மனைவிக்குத் தொற்றி நிமோனியா வருகிறது. இப்போது பெனிசிலின் வேலை செய்யவில்லை, மனைவி இறந்துபோகிறார். தவறு செய்தவர் ஒருவர், உயிரை விட்டவர் இன்னொருவர்.

ஒரே மாத்திரையில் ரெண்டு மருந்து ஏன்?

சில கிருமிகள் பெனிசிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும். 1940-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஃபிளெமிங் 1955-ல் காலமானார். பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினுடன், அந்த நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்த மாத்திரை 1981-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இன்று டாக்டர் சீட்டில் அடிக்கடி பார்க்கும் ‘625’ இதுதான்.

கவனிக்க வேண்டியவை

• சாதாரண சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸால் வருபவை. இந்த மாத்திரை அவற்றுக்கு உதவாது.

• 625-ல் அமாக்சிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. 375-ல் 250, 125. எனவே 625-க்குப் பதிலாக ரெண்டு 375 போடக் கூடாது; கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகி வயிற்றுப்போக்கு அதிகமாகலாம்.

• சாப்பிட ஆரம்பிக்கும்போது போட்டால் வயிற்றுத் தொந்தரவு குறையும்.

• பெனிசிலின் அலர்ஜி இருந்தாலோ, முன்பு இதே மருந்தால் மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

• டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடுங்கள். காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தி, மிச்சத்தை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.