எளிய அணி வெல்வதற்கு எது வேண்டும்?
நூட் றொக்னியின் வாழ்வு தரும் விடை

1928ம் ஆண்டு நவம்பர் மாதம் 10ம் திகதி, சனிக்கிழமை. நியூயோர்க் நகரின் யாங்கி விளையாட்டரங்கில் ஏறக்குறைய 80,000 பேர் திரண்டிருந்தனர். மைதானத்தில் இரண்டு கல்லூரி அணிகள். ஒன்று வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரி அணி. அந்தப் பருவத்தில் அதுவரை ஆடிய ஆறு ஆட்டங்களிலும் அது வெற்றி பெற்றிருந்தது. மற்றையது, இந்தியானா மாநிலத்தில் திருச்சிலுவைச் சபைக் குருக்கள் நடத்தும் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி. ஆறு ஆட்டங்களில் இரண்டில் தோற்று, காயமுற்ற வீரர்களோடும் அனுபவம் குறைந்த இளைஞர்களோடும் அது வந்திருந்தது. அன்று அது வெல்லும் என்று எதிர்பார்த்தோர் சிலரே.

இதற்கு நான்கு நாட்கள் முன்னர், நவம்பர் 6ம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில், அமெரிக்காவின் பெருங்கட்சி ஒன்றின் வேட்பாளராக முதன்முதலில் நின்ற கத்தோலிக்கரான அல் ஸ்மித் படுதோல்வி அடைந்திருந்தார். அவருடைய சமயமே அவருக்கு எதிராகப் பல இடங்களிலும் வெளிப்படையாகத் தூற்றப்பட்டது. தேவமாதாவின் பெயரைத் தாங்கிய ஒரு கல்லூரி அந்த வாரத்திலேயே அந்த நகரில் களமிறங்கியபோது, அநேக கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது வெறும் விளையாட்டாக இருந்திருக்க முடியாது.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைக்கும் ஆட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. அது றக்பியின் வழிவந்தது. பக்கத்துக்குப் பதினொருவர், நீள்வட்டமான தோற்பந்து, பந்தைச் சுமந்து எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள். உடற்பலமும் பாரமும் உள்ளவன் வெல்வதற்கே இயல்பாக அமைந்த ஆட்டம் அது. அத்தகைய ஆட்டத்தில் எளியவன் வலியவனை எப்படி வெல்லலாம் என்பதையே தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் நோட்டர் டேமின் பயிற்றுநர் நூட் றொக்னி.

தபாற் கந்தோரிலிருந்து கல்லூரிக்கு

றொக்னி 1888ம் ஆண்டு மார்ச் 4ம் திகதி நோர்வே நாட்டின் வொஸ் என்னும் ஊரில், லுத்தரன் சபையைச் சேர்ந்த குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளி. 1893ல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியை ஒட்டி அவர் அமெரிக்கா செல்ல, குடும்பத்தினரும் பின்தொடர்ந்தனர். ஆங்கிலம் அறியாத ஐந்து வயதுச் சிறுவனாக அந்நகரத் தெருக்களில் இறங்கிய நூட், அங்கேயே விளையாட்டையும் கற்றுக்கொண்டார்.

உயர்பள்ளியை முறைப்படி முடிக்காமலே சிக்காகோ தபாற் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து, சில ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்தார். நுழைவுப் பரீட்சை எழுதி 1910ல் நோட்டர் டேம் சென்றபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. சக மாணவருள் பலர் அவரிலும் இளையோர். அவரோ வேற்றுச் சபையினர், வறியவர், உடலிலும் சிறியவர். எளிய அணியின் நிலை எப்படிப்பட்டது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் படிப்பில் அவர் பின்தங்கவில்லை. இரசாயனத்தைச் சிறப்பாகக் கற்று 1914ல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் செயற்கை இறப்பர் உருவாக வழிவகுத்த ஆராய்ச்சிகளைச் செய்த ஜூலியஸ் நியூலண்ட் அடிகளாருக்கு ஆய்வுகூடத்தில் உதவியாளராகவும் இருந்தார். விளையாட்டைப் படிப்புக்கு எதிரியாகக் கருதும் பெற்றோர் இதனைக் கவனிப்பது நல்லது.

கடற்கரையில் ஒரு கோடை

1913ம் ஆண்டு கோடை விடுமுறையில் றொக்னியும் அவரது தோழர் கஸ் டொறேயும் ஒகாயோ மாநிலத்தின் சீடர் பொயின்ற் என்ற உல்லாசக் கடற்கரையில் வேலை செய்தனர். வேலை முடிந்த வேளைகளில் இருவரும் மணலில் நின்று பந்து எறிந்து பழகினர். டொறே எறிவார். றொக்னி ஓடியபடியே, விரல்களால் மெதுவாகப் பந்தை ஏந்துவார். பந்தை முன்னோக்கி எறிய 1906ம் ஆண்டிலேயே விதிகள் இடமளித்திருந்தன. ஆனால் பெரிய அணிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. நெஞ்சோடு நெஞ்சு மோதி வெல்லக்கூடியவர்களுக்குப் புதிய வழி எதற்கு?

அவ்வாண்டு நவம்பர் 1ம் திகதி, றொக்னி தலைமை தாங்கிய அணி வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியின் சொந்த மைதானத்தில் ஆடியது. பாரம் மிகுந்த இராணுவ மாணவர்கள் மோதுவதற்காக முன்னே நெருங்கி நின்றனர். டொறேயின் கையிலிருந்து பந்து அவர்களின் தலைக்கு மேலாகப் பறந்தது. எறிந்த பதினேழில் பதினான்கு பிழையாமல் உரியவர் கைகளிற் சேர்ந்தன. 35க்கு 13 என்ற கணக்கில் நோட்டர் டேம் வென்றது. அறியப்படாதிருந்த அக்கல்லூரியின் பெயர் மறுநாள் நாடெங்கும் பரவியது.

பந்தை எறிதல் இரகசியமான வித்தை அன்று. அது விதிப் புத்தகத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. வலியவர் தேவையில்லை என விட்டதை எளியவர் எடுத்து, யாரும் பார்க்காத கோடை நாட்களில் பழகிக்கொண்டனர்.

பயிற்றுநர்

பட்டம் பெற்ற பின் நான்கு ஆண்டுகள் இரசாயனம் கற்பித்தபடியே உதவிப் பயிற்றுநராக இருந்த றொக்னி, 1918ல் தலைமைப் பயிற்றுநரானார். பதின்மூன்று பருவங்களில் அவரது அணி 105 ஆட்டங்களில் வென்று, 12ல் மட்டும் தோற்றது. ஐந்து ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன.

அவர் பாரத்தைவிட வேகத்தையே விரும்பினார். பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்துக்குச் சற்று முன்னர், பின்வரிசை வீரர் நால்வரும் ஒரே தாளத்தில் இடம் மாறி நிற்பர். எதிரணி தன்னைச் சரிசெய்வதற்குள் பந்து நகர்ந்துவிடும். பல ஆட்டங்களை இரண்டாந்தர வீரர்களைக் கொண்டே ஆரம்பிப்பார். எதிரணி களைத்த பின்னரே முதல்தர வீரர்கள் இறங்குவர். இவற்றுக்குப் பேராற்றல் வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான தடவைகள் பழகும் பொறுமையும், தன் முறை வரும்வரை காத்திருக்கும் தாழ்மையும் வேண்டும்.

அக்காலத்தில் கத்தோலிக்கரையும் குடியேறியோரையும் வெறுத்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் இந்தியானாவில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1924 மே மாதத்தில் சவுத் பெண்ட் நகர வீதிகளில் அவ்வியக்கத்தினரும் நோட்டர் டேம் மாணவரும் மோதிக்கொண்டனர். அதே ஆண்டில் றொக்னியின் அணி ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. 1925ம் ஆண்டு புத்தாண்டுத் தினத்தில் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் அணியையும் 27க்கு 10 என வென்றது. வீதியில் கற்களால் பெற முடியாத மதிப்பு மைதானத்தில் ஒழுங்கினால் கிடைத்தது.

வெளியூர் ஆட்டங்களுக்குச் சென்ற இடங்களிலும் தம் மாணவர் அதிகாலையில் எழுந்து திருப்பலிக்குச் சென்று நற்கருணை உட்கொள்வதை றொக்னி பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தார். அக்காட்சியே தம்மை ஆழமாகத் தொட்டது என்று பின்னர் தெரிவித்தார். 1925 நவம்பர் 20ம் திகதி, பல்கலைக்கழகத்தின் மரக்கட்டைச் சிற்றாலயத்தில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். பயிற்றுநர் மாணவருக்கு ஓடக் கற்பித்தார். மாணவர் பயிற்றுநருக்கு முழந்தாளிடக் கற்பித்தனர்.

அவரது குறைகள்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் குறைகளை மறைத்தால் வாசகருக்குப் பயனில்லை. 1922ல் அட்லாண்டாவில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு முன்னர், தம் சிறு மகன் கடும் நோயுற்றிருப்பதாக ஒரு தந்தியைக் காட்டி றொக்னி வீரர்களை உருகவைத்தார். அவர்கள் வென்று ஊர் திரும்பியபோது, அந்தச் சிறுவன் நல்ல சுகத்துடன் புகையிரத நிலையத்தில் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தானாம். அந்த அணி வீரர் ஒருவரே இதனைப் பின்னர் சொல்லியிருக்கிறார். நோக்கம் வெற்றியாயினும் பொய் பொய்யே.

மற்றொரு குறையை 1926 நவம்பர் 27ம் திகதி வெளிப்படுத்தியது. அதுவரை ஓர் ஆட்டத்திலேனும் தோற்காதிருந்த நோட்டர் டேம், பிற்ஸ்பேர்க் நகரில் கார்ணகி தொழில்நுட்பக் கல்லூரியைச் சந்திக்க வேண்டியிருந்தது. அந்த அணியை எளிதாக வெல்லலாம் என எண்ணிய றொக்னி, பொறுப்பை உதவியாளரிடம் விட்டு, இராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் புகழ்பெற்ற ஆட்டத்தைப் பார்க்கச் சிக்காகோ சென்றுவிட்டார். கார்ணகி அணி 19க்கு 0 என வென்றது. எளிய அணிக்கு வலியவனின் அலட்சியமும் துணை செய்யும் என்பதை, எளியவரின் ஆசானே அன்று வலியவனின் இடத்திலிருந்து கற்றார்.

கிப் என்னும் இளைஞர்

இப்போது 1928ம் ஆண்டு ஆட்டத்துக்குத் திரும்புவோம். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னர் ஜோர்ஜ் கிப் என்ற ஒப்பற்ற வீரர் நோட்டர் டேமில் இருந்தார். வகுப்புகளுக்கு ஒழுங்காகச் செல்லாதவர், சூதாட்டப் பிரியர், ஆனால் மைதானத்தில் இணையற்றவர். 1920 டிசம்பர் 14ம் திகதி, தொண்டை நோயும் அதைத் தொடர்ந்த நிமோனியாவும் கண்டு, இருபத்தைந்தாவது வயதில் அவர் மரணமானார்.

நிலைமை மிகவும் இக்கட்டாகும் ஒரு நாளில், தமக்காக அந்த ஓர் ஆட்டத்தை வென்று தரும்படி அணியிடம் கேட்குமாறு கிப் மரணப் படுக்கையில் தம்மிடம் வேண்டியதாக, யாங்கி அரங்கின் உடைமாற்றும் அறையில் றொக்னி இளைஞர்களுக்குச் சொன்னார். ஆட்டத்துக்கு முன்னரா, இடைவேளையிலா இதனைச் சொன்னார் என்பதில் சாட்சிகள் வேறுபடுகின்றனர். கிப் உண்மையில் அப்படி வேண்டினாரா என்பதற்கு றொக்னியின் சொல்லைத் தவிர வேறு ஆதாரமில்லை. ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஐயுறுகின்றனர். 1922ம் ஆண்டுத் தந்தியை அறிந்த எவரும் அந்த ஐயத்தைக் குறைகூற முடியாது.

இடைவேளை வரை இரு அணியும் ஒரு புள்ளியும் பெறவில்லை. பின்னர் இராணுவ அணி ஆறு புள்ளிகள் பெற்றது. ஜாக் செவிக்னி என்ற வீரர் மோதிப் புகுந்து ஆறுக்கு ஆறு எனச் சமப்படுத்தினார். இறுதிக் கட்டத்தில் செவிக்னி காயமுற்று வெளியேற, ஜொனி ஓ'பிறையன் என்ற மாற்று வீரரை றொக்னி உள்ளே அனுப்பினார். மெலிந்து உயர்ந்த தடைதாண்டி ஓட்டக்காரர் அவர். ஜொனி நீமிக் எறிந்த நீண்ட பந்தை எல்லைக் கோட்டருகே ஏந்திக்கொண்டு உள்ளே விழுந்தார். 12க்கு 6. ஆனால் இராணுவ அணி ஓயவில்லை. அவர்கள் நோட்டர் டேமின் எல்லைக் கோட்டை மயிரிழையில் நெருங்கியிருந்தபோதே நேரம் முடிந்தது.

அந்த வெற்றியைத் தந்தது உரையா? உரை அவர்களை எழுப்பியது உண்மை. ஆனால் அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 17ம் திகதி, அதே அணி தன் சொந்த மைதானத்தில் கார்ணகி அணியிடம் 27க்கு 7 எனத் தோற்றது. 1905ம் ஆண்டின் பின்னர் அங்கு கண்ட முதல் தோல்வி அது. பருவ முடிவில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. றொக்னியின் காலத்தில் மிக மோசமான பருவம் அதுவே. உருக்கமான வார்த்தை ஒரு நாளைக்கு உதவும். அந்த ஒரு நாளிலும் நீமிக் எறிந்ததும் ஓ'பிறையன் ஏந்தியதும் பல மாதப் பழக்கத்தினாலேயே.

இறுதி ஆண்டுகள்

1929ல் றொக்னியின் காலில் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. அவ்வாண்டு கார்ணகி அணியைச் சந்திக்கும் நாள் வந்தபோது, வைத்தியர்கள் தடுத்தும் கேளாமல் பிற்ஸ்பேர்க் சென்று, பிறர் தாங்கிவர உடைமாற்றும் அறைக்குள் வந்தார். மூன்று ஆண்டுகள் முன்னர் வராதிருந்த அதே ஆட்டத்துக்கு, அவர் இம்முறை நடக்க முடியாத நிலையிலும் வந்தார். 7க்கு 0 என அவரது அணி வென்றது. அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் அவர்கள் ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை.

1931 மார்ச் 31ம் திகதி, பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை, கன்சாஸ் நகரிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிப் புறப்பட்ட விமானம் கன்சாஸ் மாநிலத்துப் பசார் என்ற சிற்றூருக்கு அருகே விழுந்தது. அதிலிருந்த எண்மரும் மாண்டனர். அவர்களுள் றொக்னியும் ஒருவர். வயது நாற்பத்து மூன்று. மனைவியும் நான்கு பிள்ளைகளும் அவரை இழந்தனர். பெரிய சனியன்று நோட்டர் டேமின் திரு இருதய ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்கை வானொலி நாடெங்கும் ஒலிபரப்பியது.

1940ல் வெளிவந்த திரைப்படத்தில், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் றேகன் கிப்பாக நடித்தார். அதனால் உலகம் அந்த உரையையே நினைவில் வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டியதோ சீடர் பொயின்ற் கடற்கரையின் கதை. பரீட்சையிலோ விளையாட்டிலோ தம்மிலும் வலியவரைச் சந்திக்கப் போகும் பிள்ளைக்கு, அன்று காலை நாம் கூறும் வீர வார்த்தை சிறிதளவே உதவும். பிறர் அலட்சியம் செய்த ஒன்றை முன்கூட்டியே கற்றிருத்தல், தோழனோடு ஒத்துழைத்தல், வெளியே காத்திருக்கவும் மனம் கொள்ளல், தன் இடத்தை விட்டு அகலாதிருத்தல் ஆகியவையே எளிய அணிக்கு வேண்டியவை. பொய்யின் துணை அதற்கு வேண்டியதில்லை.