வள்ளுவர் பைபிள் கேட்டு குறள் எழுதினாரா? சாயர்புரத்து ஜி.யு.போப் நம்பியதும் வரலாறு சொல்வதும்

திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், கல்லறையில் தன்னைத் தமிழ் மாணவன் என்று எழுதச் சொன்னவர். ஜி.யு.போப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இந்த இரண்டும்தான். முதலாவது வரலாறு. இரண்டாவதைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. வள்ளுவரின் குறளுக்குப் பின்னால் பைபிள் இருக்கிறது என்று போப் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஆதாரத்தின் முன் அது நின்றதா?

யார் இந்த ஜி.யு.போப்?

ஜார்ஜ் உக்ளோ போப் பிறந்தது 1820 ஏப்ரல் 24, கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். சிறுவயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. மதப்பணிக்காக 1839இல் சென்னைக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 19. கப்பல் ஏறும் முன்பே தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டார். சென்னையில் ராமாநுஜ கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். முதலில் வெஸ்லியன் சபையில் இருந்தவர், பிறகு ஆங்கிலிகன் திருச்சபைக்கு மாறினார். 1842இல் அவர் வந்து சேர்ந்த இடம்தான், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சாயர்புரம்.

சாமுவேல் சாயர் என்ற வணிகர் கிறிஸ்தவர்களைக் குடியமர்த்த வாங்கிக் கொடுத்த நிலம் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர். இங்கே போப் ஒரு குருமடப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு கிரேக்கமும் லத்தீனும்கூடச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. ரொம்பக் கண்டிப்பான வாத்தியார் என்று பேர். அடுத்த 40 ஆண்டுகள் சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூரு என்று ஓடின. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் வேலையில் சேர்ந்தார். அவருடைய குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வெளிவந்தது.

போப் என்ன சொன்னார்?

சிக்கல் தொடங்குவது அந்தக் குறள் நூலின் முன்னுரையில். வள்ளுவர் மயிலாப்பூர்க்காரர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதே மயிலாப்பூர், இயேசுவின் சீடர் தோமாவோடும் சேர்த்துப் பேசப்படும் ஊர். போப் இரண்டையும் இணைத்தார். மயிலாப்பூர் கடற்கரையில் கிறிஸ்தவ ஆசிரியர்களோடு வள்ளுவர் நடந்துபோவதாக ஒரு காட்சியை மனதில் வரைந்தார். குறளுக்கு ஊற்றாக இருந்தவற்றில் பைபிளும் ஒன்று என்று சொல்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை.

இது சும்மா தோன்றிய எண்ணமும் இல்லை. தீமை செய்தவருக்கும் நன்மை செய், பொறுமையாக இரு என்று குறள் சொல்கிறது. மத்தேயு நற்செய்தியின் 5 முதல் 7 வரையிலான அதிகாரங்களில் வரும் மலைப்பிரசங்கமும் அதையேதான் சொல்கிறது. வாழ்நாள் முழுக்க மலைப்பிரசங்கத்தைப் போதித்த ஒருவர் இன்னா செய்யாமை அதிகாரத்தைப் படித்தால் என்ன நினைப்பார்? தெரிந்த குரல் மாதிரி இருக்கிறதே என்றுதான் நினைப்பார்.

ஆதாரம் என்ன சொல்கிறது?

முதல் சிக்கல் காலம். போப் குறளை கி.பி. 800க்குப் பிந்தைய நூலாகக் கருதினார். கிறிஸ்தவத் தொடர்பு என்ற கருத்துக்கு அந்தக் காலம் வசதியாகப் பொருந்தியது. ஆனால் குறளை எடுத்தாளும் மணிமேகலையே அதற்கு முந்தைய நூல் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. குறளின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியவராக அறியப்பட்ட வையாபுரிப் பிள்ளைகூட கி.பி. 600ஐ ஒட்டியே நிறுத்தினார். கமில் சுவலபில் 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சொன்னார். தமிழ்நாடு அரசின் திருவள்ளுவர் ஆண்டோ கி.மு. 31இல் தொடங்குகிறது. ஆண்டு எது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் போப் சொன்ன காலம் இன்று ஏற்கப்படுவதில்லை.

இரண்டாவது சிக்கல் குறளின் உள்ளடக்கம். புலால் மறுத்தலுக்கு ஒரு தனி அதிகாரம், கொல்லாமைக்கு ஒன்று. ஏழு பிறப்பும் தொடரும் வினை பற்றிய பேச்சு பல குறள்களில் வருகிறது. இவை பைபிளில் இல்லாதவை. சமண, பௌத்த மரபுகளில் நன்றாகவே இருப்பவை. பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்பது பௌத்தர்களின் தம்மபதத்திலும் உண்டு. அது இயேசுவுக்கு முந்தைய மரபு. ஆக, இரண்டு நூல்கள் ஒரே கருத்தைச் சொல்வதாலேயே ஒன்று இன்னொன்றைப் பார்த்து எழுதியது என்று ஆகிவிடாது.

தோமா கதை உண்மையா?

தோமா கி.பி. 52இல் கேரளக் கரைக்கு வந்தார், 72இல் சென்னையில் உயிர்நீத்தார் என்பது பல நூற்றாண்டு நம்பிக்கை. அவர் இந்தியா வந்ததாக பைபிளில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் கதையை விரிவாகச் சொல்லும் பழைய நூல், 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட தோமாவின் பணிகள். அது பைபிளில் சேர்க்கப்படாத நூல்.

அப்படின்னா எல்லாமே கட்டுக்கதையா? அதையும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்த நூலில் குந்தபார் என்ற இந்திய மன்னன் வருகிறான். அவன் கற்பனை என்றே பலர் நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. மன்னன் இருந்தது உறுதியானது. தோமா வந்தது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. பரங்கிமலையில் 1547இல் கிடைத்த பஹ்லவி எழுத்துச் சிலுவை, பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் பழங்காலத்தில் அங்கே இருந்ததைக் காட்டுகிறது. அதுவும் முதல் நூற்றாண்டுப் பொருள் கிடையாது.

போப் பணியாற்றிய முத்துக்குளித்துறைக் கரையில் நிலைமை வேறு. 1530களில் பரதவர்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தது, 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தது எல்லாவற்றுக்கும் ஆவணம் இருக்கிறது. மயிலாப்பூரில் தோமாவுக்கு அப்படி எதுவும் இல்லை. இருப்பது மரபு மட்டும்தான். இன்னொன்று, உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ணால் பார்த்து, காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்று ஆதாரம் கேட்டவராக யோவான் நற்செய்தி காட்டுவதும் இதே தோமாவைத்தான்.

ஆக்ஸ்ஃபோர்டில் காத்திருந்த கேள்வி

ஆக்ஸ்ஃபோர்டில் போப் குருவாகப் பணியாற்றியது பேலியல் கல்லூரியில். அதன் தலைவர் பெஞ்சமின் ஜோவெட். 1860இல் ஒரு கட்டுரையால் இங்கிலாந்தையே கலக்கியவர். வேறு எந்தப் பழைய நூலையும் படிப்பது போலவே பைபிளையும் படிக்க வேண்டும், எழுதியவர் தன் காலத்து ஆட்களிடம் என்ன சொல்ல நினைத்தார் என்று முதலில் பார்க்க வேண்டும், பின்னால் வந்த சபைக் கொள்கைகளை அதன் மேல் ஏற்றக் கூடாது. இதுதான் அவர் வாதம்.

விலை பெரிது. அந்தக் கட்டுரை வந்த தொகுப்பில் எழுதிய இரண்டு பாதிரியார்களைத் திருச்சபை நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில்தான் தப்பினார்கள். ஜோவெட் மீதும் பல்கலைக்கழக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது, அது நிற்கவில்லை. கிரேக்கப் பேராசிரியரான அவருக்கு ஆண்டுச் சம்பளம் 1865 வரை வெறும் 40 பவுண்டு. எதிரிகள் அதை உயர்த்த விடவில்லை. இத்தனைக்கும் ஜோவெட் நாத்திகர் கிடையாது, அவரும் ஒரு பாதிரியார்தான். வரலாற்றைக் கேள்வி கேட்பதால் நம்பிக்கை செத்துவிடாது என்பது அவர் நிலைப்பாடு.

போப்பைத் திருவாசகத்தை மொழிபெயர்க்கத் தூண்டியதும் இதே ஜோவெட்தான். இனி அவ்வளவு பெரிய வேலைக்கு ஆயுள் போதாது என்று போப் தயங்கினார். பெரிய வேலையைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று ஜோவெட் தைரியம் சொன்னார். ஜோவெட் 1893இல் இறந்துவிட்டார். அதே ஆண்டு போப்பின் நாலடியார் வந்தது. திருவாசகம் 1900இல் வந்தது. அதன் முன்னுரையில் போப் போட்ட தேதி ஏப்ரல் 24, அவருடைய 80ஆவது பிறந்தநாள்.

அப்போ போப் செய்தது சரியா, தவறா?

இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். வள்ளுவர் யாரிடம் பாடம் கேட்டார் என்ற இடத்தில், போப்பின் ஆசை ஆதாரத்தைத் தாண்டி ஓடிவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்பில் அவர் 1330 குறளையும் ஒவ்வொன்றாக எடுத்து, உரைகளைப் பார்த்து, சொல்லுக்குப் பொருள் தேடினார். மறுபிறப்பு வரும் இடத்தில் அதை மறைத்து பைபிளாக மாற்றவில்லை. சைவத்தின் திருவாசகத்தையும் ஒரு பாதிரியார் அதே மரியாதையோடுதான் அணுகினார். அதனால்தான் முன்னுரையின் வாதம் விழுந்த பிறகும் மொழிபெயர்ப்பு நிற்கிறது. அந்த முன்னுரை போப் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு வள்ளுவரைப் பற்றிச் சொல்லவில்லை.

இது போப்போடு முடிந்த கதையும் இல்லை. சமணர்கள் வள்ளுவரைச் சமணர் என்றார்கள். சைவர்கள் சைவர் என்றார்கள். 20ஆம் நூற்றாண்டில் அவர் கிறிஸ்தவரே என்று நூல்கள் வந்தன, மறுப்பு நூல்களும் வந்தன. வள்ளுவர் சிலைக்கு என்ன நிற உடை என்று இன்றைக்கும் தகராறு நடக்கிறது.

கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது?

போப் 1908 பிப்ரவரியில் காலமானார். கல்லறை ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அதில் தமிழ் மாணவன் என்ற வாசகம் இல்லை. பெயர், பிறந்த இறந்த தேதிகள், தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற விவரம் இருக்கின்றன. கூடவே, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது.

பள்ளிப் புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை நாம் கேட்டு வளர்ந்த கதையில் பாதிதான் கல்லில் இருக்கிறது. தமிழர்கள் தங்கள் பங்கைக் கொடுத்தது உண்மை. அதற்குக் கல்வெட்டே சாட்சி. போப் வள்ளுவர் மீது வைத்த அன்பில் ஒரு கதையைச் சேர்த்தார். நாம் போப் மீது வைத்த அன்பில் ஒரு கதையைச் சேர்த்திருக்கிறோம். சென்னை மெரினாவில் 1968 முதல் அவர் சிலை நிற்கிறது. சாயர்புரத்தில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நடக்கிறது. கல்லில் இல்லாத ஒரு வரியை எடுத்துவிட்டாலும் அவர் செய்த வேலையில் ஒன்றும் குறையாது.