பறக்கும் எறும்புகளும் ஜான் லப்பக்கும்

பிள்ளைகளே, கோடைக்காலத்தில் ஒருநாள் இறக்கை எறும்புகள் கூட்டமாகப் பறக்குமே, பாத்திருக்கீங்களா? அதுதான் எறும்புகளுக்குக் கல்யாண நாள்! பறந்து முடிந்ததும் ராணி எறும்பு இறக்கைகளை உதிர்த்துவிட்டு, புதுக் கூடு அமைக்க இடம் தேடும்.

வேலைக்கார எறும்பு ஒன்றுகூட இல்லாமல் ராணியால் குஞ்சுகளை வளர்க்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் ஜான் லப்பக்.

இவர் 1834இல் லண்டனில் பிறந்தார். இவருடைய சின்ன வயதில், டார்வின் என்ற பெரிய விஞ்ஞானி பக்கத்து ஊருக்குக் குடிவந்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். லப்பக் வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார். பாராளுமன்றத்துக்கும் போனார். ஆனாலும் வீட்டில் கண்ணாடிக் கூடுகளில் எறும்பு வளர்த்தார்!

1876 ஆகஸ்டில் அவருடைய தோட்டத்தில் எறும்புகள் பறந்தன. அவர் இரண்டு ஜோடிகளைப் பிடித்தார். ஈரமண், உணவு, தண்ணீர் வைத்தார். குளிர்காலம் முழுதும் முட்டையே இல்லை. நீங்களா இருந்தா என்ன செய்திருப்பீங்க? அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஏப்ரலில் முட்டைகள் வந்தன. பிறகு புழுக்கள் வந்தன. கோடையில் முதல் வேலைக்கார எறும்பும் வந்துவிட்டது! அந்த வகை ராணியால் முடியும் என்று தெரிந்தது. விடை கிடைக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது.

பிரிட்டனில் 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவரும் இவர்தான். 1913இல் இறந்தார்.

அடுத்த தடவை எறும்பு பறந்தா கதவைச் சாத்திடாதீங்க. வெளியே வந்து பாருங்க. இறக்கை உதிர்த்த ராணி ஒன்று உங்கள் தோட்டத்திலும் நடந்து போகலாம்.