படச்சுருள் காத்த பெண்மணி

இத்தாலியத் திரைப்படம் என்றவுடன் உரோமை நகரின் படப்பிடிப்புத் தளங்களே பலர் நினைவுக்கு வரும். ஆனால், அக்கலை தொடக்கத்தில் செழித்தோங்கியது வடக்கேயுள்ள துரின் நகரில்தான். 1914ஆம் ஆண்டு ஜொவான்னி பாஸ்த்ரோனே இயக்கிய ‘காபிரியா’ என்னும் ஊமைப்படம் அங்கு உருவானதே. ஒளிப்படக் கருவியைச் சக்கரவண்டியில் ஏற்றி மெல்ல நகர்த்திக் காட்சிக்கு ஆழம் தந்த அப்படம் உலகையே வியக்கவைத்தது.

முதல் உலகப்போருக்குப் பின் துரினின் பட நிறுவனங்கள் நலிந்து மறைந்தன. பேசும்படம் வந்தபின் ஊமைப்படங்களைக் கேட்பாரில்லை. சுருளில் படிந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பல படங்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவையோ எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள். காலப்போக்கில் தாமே சிதைந்துபோகக் கூடியவை.

இவ்விழப்பின் அளவை உணர்ந்தவர் மரியா அட்ரியானா புரோலோ. 1908ஆம் ஆண்டு ரொமஞானோ செசியா என்னும் சிற்றூரில் பிறந்த இவர், ஒரு வரலாற்றாய்வாளர். துரின் திரைப்படத்தின் வரலாற்றை எழுத முற்பட்டபோதுதான், எழுதுவதற்குரிய சான்றுகளே அழிந்துவருவதைக் கண்டார். 1941ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள், திரைப்படத்திற்கென ஓர் அருங்காட்சியகம் அமைக்கும் எண்ணத்தைத் தம் நாட்குறிப்பில் பதிந்தார். அப்போது நாடு போரில் சிக்கியிருந்தது. உயிரும் உணவுமே பெரிதாயிருந்த நாளில் பழைய படச்சுருளைத் தேடிய அவர் செயல், பலருக்கு வீண்வேலையாகத் தோன்றியிருக்கும். அவர் தளரவில்லை. பலோன் பழம்பொருள் சந்தையில் படக்கருவிகள், சுவரொட்டிகள், மாயவிளக்குகள் ஆகியவற்றைத் தேடி வாங்கினார். பாஸ்த்ரோனே முதலிய முன்னோடிகளை நேரில் கண்டு, அவர்களிடம் எஞ்சியிருந்தவற்றைப் பெற்றார். சேர்த்த பொருள்களை வைக்க, மோலே அந்தோனெல்லியானா என்னும் உயர்ந்த கோபுரக் கட்டடத்தில் ஓர் அறை கிடைத்தது.

1951ஆம் ஆண்டு, இத்தாலிய ஊமைப்பட வரலாறு பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பாரிசில் திரைப்படக் காப்பகம் நடத்திய ஆன்ரி லாங்குலுவா அவருக்கு உற்ற நண்பரானார். நாட்குறிப்பில் எழுதிய கனவு, பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1958இல் கியாப்லேசே மாளிகையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. எனினும் 1980களில், பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப அக்கட்டடம் அமையாததால் அது மூடப்பட்டது. 1991ஆம் ஆண்டு புரோலோ மறைந்தபோதும் அதன் கதவுகள் திறக்கப்படவில்லை.

2000ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கெனத் தேர்ந்த இடம், அவர் தம் தொடக்காலச் சேகரிப்பை வைத்திருந்த அதே கோபுரம். ஆறு ஆண்டுகள் கழித்து, அவ்வருங்காட்சியகத்தின் முயற்சியால் ‘காபிரியா’ செப்பனிடப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது.